கோபே நிலநடுக்க நினைவு அருங்காட்சியகம்: செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் கோபே நகருக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் நான் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம், கடலோரத்தில் உள்ள நிலநடுக்க நினைவு அருங்காட்சியகம். போகும்போது ரயிலிலும், திரும்பி வந்து தேநீர் அருந்தும்போதும் அவர்கள் எழுப்பிய ஐயங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. எனக்கே விடை சொல்லத் தயக்கம் தந்தவை பின்னால் வருகின்றன.

இது எந்த நிலநடுக்கத்தின் நினைவாகக் கட்டப்பட்டது?

1995 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை 5.46 மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தின் நினைவாக. அவாஜித் தீவின் வடமுனைக்கு அருகே, சுமார் 16 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கிய பாறை முறிவு கோபே நகரின் அடிவரை ஓடியது. ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் நிலநடுக்கத்தின் அளவு 7.3. கடுமையான குலுக்கல் நீடித்தது ஏறத்தாழ 20 வினாடிகள்தான். அதன் விளைவாக 6,434 பேர் இறந்தார்கள்; 40,000-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்; ஏறக்குறைய 1,05,000 வீடுகள் முழுவதுமாகவும், 1,44,000 வீடுகள் பாதியளவிலும் இடிந்தன. 3 லட்சத்துக்கும் அதிகமானோர் பள்ளிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் தஞ்சம் புகுந்தார்கள்.

ஜப்பானியர் இதை 'ஹான்ஷின்-அவாஜிப் பெருநிலநடுக்கம்' என்று அழைக்கிறார்கள். ஹான்ஷின் என்பது ஒசாகாவையும் கோபேயையும் சேர்த்துக் குறிக்கும் சொல்.

அருங்காட்சியகத்தின் சரியான பெயர் என்ன? வழி கேட்டால் யாருக்கும் புரியவில்லையே?

'ஹிதோ தோ போசாய் மிராய் சென்தா' என்று கேளுங்கள். 'மனிதரும் பேரிடர்த் தடுப்பும்: எதிர்கால மையம்' என்பது அதன் பொருள். பெயரில் நிலநடுக்கம் என்ற சொல்லே இல்லாததால்தான், 'நிலநடுக்க அருங்காட்சியகம்' என்று கேட்பவர்களுக்குச் சில நேரம் விடை கிடைப்பதில்லை. 2002 ஏப்ரலில் திறக்கப்பட்ட இந்த மையத்துக்கு மேற்குக் கட்டடம், கிழக்குக் கட்டடம் என இரண்டு பகுதிகள் உண்டு. உயிர்பிழைத்தவர்களின் நினைவுகள் மேற்குக் கட்டடத்தில் இருக்கின்றன; கிழக்குக் கட்டடம் இயற்கைச் சீற்றங்களின் அறிவியலைச் சொல்வது.

எப்படிச் செல்வது, கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் விடுமுறை?

ஹான்ஷின் ரயில் தடத்தின் இவாயா நிலையத்தில் இறங்கிக் கடலை நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும், ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) தடத்தில் வருபவர்கள் நாதா நிலையத்தில் இறங்கலாம். பெரியவர்களுக்கு 600 யென், கல்லூரி மாணவர்களுக்கு 450 யென். மேல்நிலைப்பள்ளி வரையிலான மாணவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை; அன்று பொது விடுமுறையாக அமைந்துவிட்டால் மறுநாள் மூடியிருக்கும். ஜனவரி 17 அன்று அனைவருக்கும் இலவசம். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடும் என்பதால், புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாமா?

முடியும், ஆனால் அப்படி வருவதாக இருந்தால் வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மேற்குக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் பார்வையாளர்களைக் குழுவாக நான்காம் தளத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கே நிலநடுக்கக் கணத்தைக் காட்டும் ஏழு நிமிடப் படம், அதற்குப் பிறகு இடிந்த தெரு ஒன்றின் முழு அளவு மாதிரி, பின்னர் நகரம் மீண்டெழுந்ததைச் சொல்லும் பதினைந்து நிமிடப் படம் என்ற வரிசை இருக்கிறது. அங்கிருந்து மூன்றாம் தளத்துக்கும், பிறகு இரண்டாம் தளத்துக்கும் இறங்கி வரவேண்டும்.

இந்த வரிசையில் முதல் முக்கால் மணி நேரம் நம்மை அறியாமலே கழிந்துவிடும். நேரம் குறைவாக வைத்துக்கொண்டு வருபவர்கள் கத்தரிப்பது எப்போதும் மூன்றாம் தளத்தைத்தான். இந்த மையம் உண்மையில் எதற்காக இருக்கிறதோ அது அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்கி, அதில் பாதியை மூன்றாம் தளத்துக்குக் கொடுங்கள்.

எனக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. போய்ப் பயன் உண்டா?

உண்டு. முக்கியமான விளக்கங்கள் ஆங்கிலம், சீனம், கொரிய மொழிகளிலும் இருக்கின்றன. மொழிபெயர்த்துச் சொல்லும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். வருகிற நாளை முன்கூட்டியே தெரிவித்தால் அவர்களைப் பெறுவது எளிது. ஆயினும், பொருட்களின் பக்கத்தில் அவற்றைக் கொடுத்தவர்கள் எழுதிய சிறு குறிப்புகள் எல்லாமே மொழிபெயர்க்கப்பட்டவை அல்ல. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் வந்தால், அவரை அந்தக் குறிப்புகளுக்கு முன்னால் நிறுத்திப் பொறுமையாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படம் மிகவும் பயமுறுத்தும் என்கிறார்களே, சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

நான்காம் தளத்தின் முதல் படம் கடுமையானதுதான். பெரிய திரையில் மேம்பாலச் சாலை சரிகிறது, ரயில் தடம் புரள்கிறது, கட்டடங்கள் மடிகின்றன. ஒலியோ காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் விழுகிறது. அதில் வரும் இடிபாடுகள் திரைப்படத் தந்திர உத்திகளால் மறு உருவாக்கம் செய்யப்பட்டவை என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியாது. இருட்டுக்கும் பெருஒலிக்கும் அஞ்சும் பிள்ளைகள், இதய நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் இந்தப் பகுதியைத் தவிர்க்கலாம். ஊழியரிடம் முன்பே சொல்லிவிட்டால், படத்தைப் பார்க்காமல் அடுத்த பகுதிக்குச் செல்ல வழி காட்டுவார்கள்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளை நான் தயங்காமல் அழைத்துச் செல்கிறேன். உள்ளே நுழையும் முன் அவர்களிடம், இது நடந்தது என்பதையும், அப்போது அவர்களைப் போன்ற பிள்ளைகளும் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுவேன். எதுவும் சொல்லாமல் கூட்டிச் செல்லப்பட்ட பிள்ளைகள்தான் படம் முடிந்ததும் சிரிக்கவோ அழவோ செய்கிறார்கள்.

மூன்றாம் தளத்தில் அப்படி என்ன இருக்கிறது? பழைய பொருட்கள்தானே?

ஆம், பழைய பொருட்கள்தான். 5.46-இல் நின்றுபோன கடிகாரம், நெருப்பில் உருக்குலைந்த வீட்டுப் பொருட்கள், தஞ்சமடைந்த பள்ளியின் சுவரில் ஒட்டப்பட்டிருந்த கையெழுத்து அறிவிப்பு, கைப்பையில் எஞ்சியிருந்த சில்லறைச் சாமான்கள் என, வெளியே வைத்தால் யாரும் குனிந்து எடுக்காத பொருட்கள். இவற்றை விலைகொடுத்து வாங்கிச் சேர்க்கவில்லை. வைத்திருந்தவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் அருகிலும், அது யாருடைய வீட்டில் எங்கே இருந்தது, ஏன் அதை இத்தனை காலம் தூக்கி எறிய முடியவில்லை என்பதைக் கொடுத்தவரே சொல்கிறார்.

ஒரு கடிகாரத்தின் முன் நின்றால் அதன் கண்ணாடி எப்படி விரிசல் விட்டிருக்கிறது என்பதையும், முட்கள் வளையாமல் அப்படியே நிற்பதையும் முதலில் பாருங்கள். பிறகு குறிப்பைப் படியுங்கள். பிறகு மீண்டும் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அது வேறொரு பொருளாகிவிட்டிருக்கும். பத்துப் பொருட்களை இப்படிப் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

'கதாரிபே' என்று ஒருவர் வந்து பேசுவார் என்றார்கள். அவர் வழிகாட்டியா?

வழிகாட்டி வேறு, கதாரிபே வேறு. பண்டைக் காலத்தில் வாய்மொழி மரபைச் சுமந்து அரசவையில் சொன்ன குழுவினருக்கு வழங்கிய பெயர் அது. இன்று, தாம் பட்டதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் சாட்சிகளை அப்படி அழைக்கிறார்கள். இந்த மையத்தில் பேசும் கதாரிபேக்கள், அந்த விடியற்காலையைத் தாமே கண்ட தன்னார்வலர்கள். குழுவாக வருபவர்கள் முன்பதிவு செய்து அவர்களின் பேச்சைக் கேட்கலாம். தனியாக வருபவர்கள், அன்று பேச்சு உண்டா, எத்தனை மணிக்கு என்பதை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொண்டு, மற்றதையெல்லாம் அந்த நேரத்தை ஒட்டி அமைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கேட்ட பேச்சுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வயது முதிர்ந்த ஓர் அம்மையார், தம்மேல் சாய்ந்த துணி அலமாரிக்கும் தமது முகத்துக்கும் இடையே இருந்த இடைவெளியைக் காட்டுவதற்காக, இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு சாண் தூரத்தில் எதிரெதிரே பிடித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் கூரை ஓடுகளைப் பெயர்த்து உள்ளே வந்ததையும், தண்ணீருக்காக வரிசையில் நின்றதையும், வாரக்கணக்கில் குளிக்காமல் இருந்ததையும் சொல்லிக்கொண்டே போனார். அத்தனை நேரமும் அந்தக் கைகள் அதே இடைவெளியில் நின்றன. பேச்சு முடிந்து வணங்கும்போதுதான் அவற்றை இறக்கினார். புள்ளிவிவரங்களை நான் பலமுறை மறந்து மறுபடி படித்திருக்கிறேன். அந்த ஒரு சாண் இடைவெளியை மறக்கவில்லை.

கதாரிபேயிடம் கேள்வி கேட்கலாமா? என்ன கேட்டால் மனம் புண்படும்?

கேட்கலாம், பெரும்பாலும் அவர்களே கேள்விகளை எதிர்பார்த்து நேரம் ஒதுக்குகிறார்கள். ஒருவரும் எதுவும் கேட்காமல் எழுந்து போவதுதான் அவர்களைச் சோர்வடையச் செய்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அன்று காலை முதலில் என்ன செய்தீர்கள், யார் உதவினார்கள், தஞ்சமடைந்த இடத்தில் எது மிகவும் குறைவாக இருந்தது, இப்போது வீட்டில் எதை மாற்றி வைத்திருக்கிறீர்கள் போன்ற கேள்விகளுக்கு அவர்கள் விரிவாகவே விடை சொல்வார்கள்.

இறந்த உறவினரின் உடலைப் பற்றியும், 'அவரைக் காப்பாற்றியிருக்க முடியாதா' என்ற வகையிலும் கேட்காதீர்கள். தப்பித்தவர்களில் பலர் அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டவர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். 'எங்கள் ஊரில் இதைவிடப் பெரியது நடந்தது' என்று ஒப்பிட்டுப் பேசுவதையும் தவிர்ப்பது நல்லது.

புகைப்படம் எடுக்கலாமா?

படக்காட்சி அரங்குகளில் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் அங்குள்ள அறிவிப்பைப் பாருங்கள், ஐயமிருந்தால் ஊழியரிடம் கேளுங்கள். பேசுபவரைப் படமெடுக்க அவரது அனுமதி வேண்டும். இடிந்த தெருவின் மாதிரிக்கு முன்னால் நின்று தற்படம் எடுப்பதைத் தடுக்க யாரும் ஓடிவர மாட்டார்கள். ஆனால் அந்த நாளில் வீடு இழந்த ஒருவர் உங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கக் கூடும்.

ஜப்பானில் வீடுகள் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டவை என்பார்களே, எப்படி ஆறாயிரம் பேர் இறந்தார்கள்?

இறந்தவர்களில் பெரும்பான்மையினர் இடிந்த வீடுகளுக்கு அடியில் நசுங்கியோ மூச்சுத்திணறியோ இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர், உதவி வரும் முன்பே, முதல் சில நிமிடங்களிலேயே உயிரிழந்தார்கள். 1981 ஜூனில் நிலநடுக்கம் தாங்கும் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன்பு கட்டப்பட்ட பழைய மரவீடுகளே அதிகம் விழுந்தன. சூறாவளிக் காற்றுக்கு ஓடு பறந்துவிடாமல் இருக்க மண் அப்பிக் கனமான ஓடு வேய்ந்த கூரைகள், அவற்றைத் தாங்கப் போதிய சுவர் இல்லாத கீழ்த்தளங்கள், வயது முதிர்ந்த தூண்கள் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. உறங்கும் நேரம் என்பதால் மக்கள் எல்லோரும் அந்தக் கூரைகளுக்கு அடியிலேயே இருந்தார்கள்.

கோபேயின் நகாதா வட்டாரத்தில் நெருப்பும் சேர்ந்துகொண்டது. நிலத்தடிக் குழாய்கள் உடைந்ததால் தீயணைப்பு வீரர்களின் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. இரண்டாம் தளத்தில், கட்டட அமைப்பு குலுக்கலை எப்படித் தாங்குகிறது என்பதையும், அலமாரியைச் சுவரோடு பிணைப்பதால் என்ன மாறுகிறது என்பதையும் விளக்குகிறார்கள். மேலே சொன்ன அம்மையாரின் கைகளை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே சென்றால், அந்த விளக்கம் வெறும் பாடமாக இருக்காது.

மீட்புப் படை வரும்வரை அவர்கள் என்ன செய்தார்கள்?

ஒருவரையொருவர் தோண்டி எடுத்தார்கள். இடிபாடுகளில் சிக்கிய ஏறத்தாழ 35,000 பேரில் சுமார் 27,000 பேரை மீட்டவர்கள் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தினரும்தான் என்பது பின்னாளில் செய்யப்பட்ட மதிப்பீடு. வாகனங்களில் இருந்த ஜாக்கியாலும் ரம்பத்தாலும் வெறுங்கையாலும் அது நடந்தது. கதாரிபேக்களின் பேச்சில் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த ஓராண்டில் நாடெங்கிலுமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்தார்கள். அதனால்தான் 1995-ஐ ஜப்பானில் 'தன்னார்வத் தொண்டின் முதல் ஆண்டு' என்று குறிப்பிடுகிறார்கள்.

இடிந்த இடத்திலேயே அருங்காட்சியகத்தை அமைக்காமல், புத்தம்புதுக் கட்டடத்தில் ஏன் வைத்தார்கள்? ஊரைப் பார்த்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கிறதே?

இந்தக் கேள்வியை ஏமாற்றத்தோடு கேட்பவர்கள் அதிகம். மையம் இருக்கும் கடலோரப் பகுதி முன்பு இரும்பு ஆலைகள் இருந்த நிலம். நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே வீடிழந்தோருக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகளோடு ஒரு புதிய வட்டாரத்தையே எழுப்பினார்கள். எனவே, மையத்தைச் சுற்றியுள்ள அந்தச் சாதாரணக் குடியிருப்புகளும் நிலநடுக்கத்தின் எச்சமே. இடிந்த தெருக்களை அப்படியே விட்டு வைத்திருந்தால், அங்கே குடியிருந்தவர்கள் திரும்பிச் செல்ல வீடு இருந்திருக்காது.

நேரடியான தடயத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். கோபே துறைமுகத்தின் மெரிகென் பூங்காவில், சாய்ந்து கடலில் அமிழ்ந்த படகுத்துறையின் ஒரு பகுதியை, சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அவாஜித் தீவில், நிலத்தைக் கிழித்து மேலே வந்த நோஜிமா முறிவுக் கோட்டை 140 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். 1998-இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், முறிவு ஓரமாகக் கடந்து சென்ற வீடு ஒன்றும் நிற்கிறது. மையத்தையும் சேர்த்து மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள்.

2004 ஆழிப்பேரலையில் என் குடும்பத்தினரை இழந்தவன் நான். இங்கே வருவது சரியாக இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவரோடு நான் இந்த மையத்துக்குச் சென்றிருக்கிறேன். முன்னே சொன்ன ஏழு நிமிடப் படத்தை முற்றிலும் தவிர்த்துவிட்டு, மூன்றாம் தளத்துக்கு நேரே சென்றோம். அவர் பொருட்களை அதிகம் பார்க்கவில்லை. குறிப்புகளை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பாதியில் வெளியே போகலாம் என்றார், போனோம். அரைமணி நேரம் கழித்து மறுபடி உள்ளே வந்தார். அந்த உரிமை உங்களுக்கும் உண்டு: எந்த இடத்திலும் நிறுத்தலாம், திரும்பிப் போகலாம், வராமலே இருக்கலாம். தனியாக மட்டும் வரவேண்டாம். ஆழிப்பேரலை பற்றிய விளக்கங்களும் காட்சிகளும் மையத்தில் சில இடங்களில் இருக்கின்றன என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். உடன் வருபவர் ஓரடி முன்னால் சென்று பார்த்துச் சொல்லலாம்.

அந்தப் பேரலைக்கும் இந்த நகருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. கோபே நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டையொட்டி முன்பே திட்டமிடப்பட்டிருந்த ஐக்கிய நாடுகள் அவையின் பேரிடர்க் குறைப்பு மாநாடு, பேரலை வந்த ஒரு மாதத்துக்குள், 2005 ஜனவரியில் இங்கே கூடியது. 168 நாடுகளின் அரசுகள் ஏற்றுக்கொண்ட, கோபே அமைந்துள்ள மாகாணத்தின் பெயரைத் தாங்கிய 'ஹியோகோ செயல்திட்டம்' அங்கே உருவானது. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்ற குரல் அந்த மாநாட்டில் உரக்க ஒலித்தது.

உயிர்பிழைத்தவர்கள் சொல்வது எல்லாம் அப்படியே உண்மை என்று நம்பலாமா? நினைவு மாறும் அல்லவா?

மாறும். 20 வினாடிக் குலுக்கலைப் பல நிமிடங்கள் நீடித்ததாகச் சொன்னவர்களின் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை; அந்த வினாடிகள் அவர்களுக்கு அத்தனை நீளமாக இருந்தன என்பதே அவர்களின் சாட்சியம். குலுக்கல் எத்தனை வினாடி என்பதற்கு அளவிக் கருவியின் பதிவு இருக்கிறது. இருட்டில் மகளின் பெயரைச் சொல்லி அழைத்தபோது விடை வராத நேரம் எவ்வளவு நீளம் என்பதற்குக் கருவி இல்லை.

அதே நேரத்தில், பலமுறை சொல்லப்பட்ட பேச்சு தானாகவே செம்மையாகிவிடும். தயக்கங்கள் உதிர்ந்து, கேட்பவர்கள் கண்கலங்கிய இடங்கள் நிலைத்துவிடும். ஐந்தாம் தளத்தில் உள்ள ஆவணக் காப்பகம் இங்கேதான் துணை செய்கிறது. அன்றைய நாட்களிலேயே எழுதப்பட்ட நாட்குறிப்புகள், தஞ்சமடைந்த இடங்களின் அறிவிப்புத் தாள்கள், தன்னார்வலர்களின் குறிப்பேடுகள், படங்கள் ஆகியவை அங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன. 'போர்வை 40, ஆட்கள் 120' என்பது போன்ற ஒரு வரி அத்தகைய குறிப்பேட்டில் இருந்தால், அது பின்னாளில் மெருகேறாது. பேச்சையும் தாளையும் சேர்த்தே வைத்திருக்கிறது இந்த மையம். நாமும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறருடைய துன்பத்தை நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பது சரியா?

எனக்கு நீண்ட நாள் உறுத்திய கேள்வி இது. நான்காம் தளத்தின் மாதிரித் தெருவில் நடக்கும்போது, வெளிச்சமும் ஒலியும் திறமையாக அமைக்கப்பட்டிருப்பதே ஒரு சங்கடத்தைத் தருகிறது என்பதை மறைக்க மாட்டேன். பார்த்தவுடன் வியப்புத்தான் முதலில் வருகிறது, துயரம் பிறகுதான் வருகிறது. அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பிறந்திராத பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு அந்த இருபது வினாடிகளை வேறெப்படிப் புரியவைப்பது என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை.

மூன்றாம் தளத்தைப் பற்றி எனக்கு அந்த உறுத்தல் இல்லை. அங்குள்ளவை, கொடுத்தவர்கள் காட்ட விரும்பிக் கொடுத்தவை. பேசுபவர்கள் பேச விரும்பி வருபவர்கள். கேட்க ஆள் வராத நாளில்தான் அவர்களுக்கு நாம் தவறு செய்கிறோம்.

இங்கே சொல்லப்படாத நினைவுகள் யாருடையவை?

முதலாவதாக, இறந்தவர்களுடையவை. சாட்சி சொல்பவர்கள் அனைவரும் தப்பியவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, நிலநடுக்கத்தில் தப்பி, பின்னர் மெல்ல இறந்தவர்கள். முதல் விடையில் சொன்ன 6,434 என்ற எண்ணிக்கையில், குளிரிலும் நோயிலும் களைப்பிலும் பின்னர் இறந்த 900-க்கும் மேற்பட்டோர் அடங்குவர். ஹியோகோ மாகாணத்தில் 48,300 தற்காலிக வீடுகள் கட்டப்பட்டன. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை தந்து அவற்றை ஒதுக்கினார்கள். ஆனால் அதனால் பழைய தெருக்காரர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். அந்த வீடுகளில் 233 பேர் யாரும் அறியாமல் தனிமையில் இறந்தார்கள் என்பது பதிவான எண்ணிக்கை. அவர்களுக்காகப் பேச அவர்கள் வீட்டில் இன்னொருவர் இல்லை.

மூன்றாவதாக, வெளிநாட்டு மக்கள். எரிந்த நகாதா வட்டாரத்தின் காலணிப் பட்டறைகளில் கொரியர்களும் வியட்நாமியர்களும் வேலை செய்தார்கள். ஜப்பானிய மொழி அறிவிப்புகள் அவர்களில் பலருக்கு எட்டவில்லை. அதனால் அவர்களின் மொழிகளில் தொடங்கிய சிறு வானொலி ஒலிபரப்புகள், 1996 ஜனவரியில் 'எஃப்.எம். வைவை' என்ற பன்மொழி வானொலியாக இணைந்தன. அங்கிருந்த தகாதொரி கத்தோலிக்க தேவாலயம் எரிந்தபோது, கட்டடக் கலைஞர் பான் ஷிகெரு தன்னார்வலர்களோடு சேர்ந்து காகிதக் குழாய்களைத் தூண்களாக நிறுத்தி ஒரு கூடத்தை எழுப்பினார். பத்தாண்டுகள் நின்ற அது, பின்னர் கழற்றப்பட்டு, 1999 நிலநடுக்கத்தைக் கண்ட தைவானின் ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, இன்றும் அங்கே நிற்கிறது. மையத்தைப் பார்த்த மறுநாள் நகாதாவில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள்.

இத்தனை சாட்சியங்களால் உண்மையில் ஏதாவது மாறியதா?

மாறியது. 1995-இல் வீடிழந்தவர்களுக்கு அந்த வீட்டை மீண்டும் கட்ட அரசுப் பணம் கிடைக்கவில்லை. தனியார் சொத்துக்குப் பொதுப் பணம் தருவதில்லை என்பது அன்றைய நிலைப்பாடு. பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் தங்கள் நிலையைச் சொல்லிச் சொல்லிக் கையெழுத்துத் திரட்டியதன் விளைவாக, 1998-இல் பேரிடரால் பாதிக்கப்பட்டோர் வாழ்வைச் சீரமைப்பதற்கான ஆதரவுச் சட்டம் வந்தது. முதலில் அதிகபட்சம் 10 லட்சம் யென் என்றிருந்த உதவி பின்னர் 30 லட்சம் யென்னாக உயர்ந்தது. பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் சட்டம் 1995-லேயே வந்துவிட்டது. பின்னாளில் ஜப்பானில் வேறெங்கோ வீடிழந்த ஒரு குடும்பம் பெறும் தொகைக்குப் பின்னால் கோபே மக்களின் பேச்சு இருக்கிறது.

பேசுபவர்கள் எல்லோரும் முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு என்ன செய்வார்கள்?

2025-இல் முப்பது ஆண்டுகள் நிறைவடைந்தன. நிலநடுக்கத்தின்போது நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு பிறந்த இளைஞர்கள், மூத்தவர்களிடம் கேட்டறிந்து, தாங்கள் பார்க்காததைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 'நான் பார்த்தேன்' என்பதற்குப் பதிலாக 'என் அம்மா என்னிடம் இப்படிச் சொன்னார்' என்று அவர்கள் தொடங்கும்போது பேச்சின் வலு குறைந்துவிடும் என்று நான் அஞ்சினேன். கேட்டபோது அப்படித் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அம்மா எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னார் ஓர் இளைஞர்.

ஜனவரி 17 அன்று வந்தால் என்ன பார்க்கலாம்?

அதிகாலையில் நகராட்சி மன்றத்தை அடுத்துள்ள ஹிகாஷி யூயென்சி பூங்காவுக்குச் செல்லுங்கள். அங்கே எப்போதும் எரியும் 'நம்பிக்கையின் ஒளி' என்ற விளக்கிலிருந்து நெருப்பெடுத்து, மூங்கில் குழாய்களில் வைத்த மெழுகுவத்திகளை ஏற்றுவார்கள். 5.46-க்கு அனைவரும் தலைகுனிந்து நிற்பார்கள். அதே பூங்காவின் நினைவுச் சின்னத்துக்கு அடியில், நிலத்தடி அறையொன்றின் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கனமான உடை வேண்டும். அந்த நேரத்தில் கடுங்குளிர் இருக்கும். குடும்பத்தினர் முன்னால் நிற்க இடம்விட்டு, பின்வரிசையில் நின்றுகொள்ளுங்கள்.

ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி போவதற்குக் காரணம் இருக்கிறதா?

கதாரிபே நாளுக்கு நாள் மாறுவார் என்பது ஒன்று. மற்றொன்று, முதல் முறை கண்ணில் படாத குறிப்புகள். எத்தனையோ முறை சென்றிருந்தும், கடந்த முறைதான் அந்த அம்மையார் பேசிய இடத்துக்குப் பக்கத்தில், பொருட்களுக்கு நடுவே ஒரு குறிப்பின் முன் வெகுநேரம் நின்றிருந்த ஒருவரைக் கவனித்தேன். அவர் விலகியதும் நான் போய்ப் படித்தேன். படித்து முடித்துத் திரும்பியபோது, இன்னொருவர் எனக்குப் பின்னால் காத்திருந்தார்.